மூச்சு வாங்கும் நேரத்துக் கதைகள்

ஆறாவது மாடி வீட்டைப் போன வாரம் ஒரு பொய்யோடு விட்டுவிட்டு வந்தோம். இந்த ஒரு வாரத்தில் அந்தப் பொய் நன்றாகச் சாப்பிட்டு, கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கிறது.

புதிதாக வந்து சேர்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் படுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஆறாவது மாடியில் குடியிருப்பவரோ ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். கேட்க வேண்டுமா? "லிஃப்ட்காரரைக் கூடவே வெச்சுக்கிட்டு நமக்கு இந்தக் கதி" என்று படியேறுகிற அத்தனை பேரும் மூச்சுக்கு நடுவே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பிரேக்குக்கான உதிரிபாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும். வராத பாகத்தை அவர் எங்கே போய்க் கொண்டுவருவார், பாவம்.

மூன்றாவது மாடி நர்ஸம்மாதான் முதலில் ஆரம்பித்தார். படித்திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர்கள் சும்மா சுவரைப் பார்க்க வேண்டாமே என்று, தான் எழுதிய ஒரு பக்கக் கதையை அங்கே ஒட்டினார். இரண்டு நாளில் கீழ்த்தளத்துத் தையல்காரரும் ஒன்று ஒட்டினார். அப்புறம் விடுவார்களா? போட்டியே வைத்துவிட்டார்கள்.

சட்டம் ரொம்ப எளிது. நடக்கவே முடியாத ஒன்று கதையில் நடக்க வேண்டும். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கதையும் முடிய வேண்டும். எழுதியவர் பேர் போடக்கூடாது. கதைக்குக் கீழே ஒரு கயிறு கட்டியிருக்கும். பிடித்தவர்கள் அதில் ஒரு துணிக்கிளிப்பை மாட்டிவிட்டுப் போகலாம். அதுதான் ஓட்டு. யார் வீட்டு ஓட்டு என்று தெரிய, கிளிப்பின் தலையில் நகப்பூச்சால் ஒரு பொட்டு, வீட்டுக்கு ஒரு நிறம். ஜெயிக்கிறவருக்கு, ஒன்றரை மாதமாகத் தொங்குகிற 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' பலகையையே பரிசாகக் கொடுப்பதாக ஏற்பாடு.

இதில் நம் ஆறாவது மாடிப் பெரியவர் எங்கே வந்தார் என்றால், அவர்தான் லிஃப்ட்காரரின் அப்பா. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எப்போது புறப்படும் என்று மைக்கில் சொல்லிச் சொல்லியே வேலைக்காலத்தை முடித்தவர். மூட்டு ஆபரேஷன் முடிந்து அவர் லிஃப்டில் வீடு வந்து சேர்ந்த மறுநாள் லிஃப்ட் நின்றது. அன்றிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. படி அவருக்கு ஆகாது.

"ஏம்மா, நானும் ஒண்ணு சொல்றேன், எழுதறியா?" என்று ஒருநாள் மருமகளைக் கேட்டார். "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. சிரிப்பான்."

அவர் சொல்ல, அவள் எழுதினாள். எழுதி முடித்தபோது அவளுக்குப் பேனாவை மூடக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல கதை. ஆனால் அதற்குள் எல்லாத் திருப்பமும் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது அவர்கள் வீட்டுக்கும் மேலே, மொட்டை மாடிக்குப் போகிற திருப்பம் ஒன்றுதான். ஈரத்துணி வாளியோடு ஏறுகிறவர்கள் நின்று படிக்கவா போகிறார்கள்? அவள் தினமும் மாலையில் போய்ப் பார்த்தாள். கயிறு மொட்டையாகவே இருந்தது.

முதல் நாள் பெரியவர் கேட்டபோது, "ரெண்டு கிளிப் விழுந்திருக்கு மாமா" என்றாள். வாய் தவறி வந்ததுதான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு திருத்தத் தோன்றவில்லை. அப்புறம் தினம் ஒரு வீடாக, அந்த வீட்டு நிறத்தோடு சேர்த்துக்கொண்டே போனாள். நர்ஸம்மா இப்படிச் சொன்னார், தையல்காரர் அப்படிச் சொன்னார் என்று பாராட்டையும் கூடவே அளந்துவிட்டாள். அந்தப் பாராட்டெல்லாம் அவளுடையதுதான். ஆள் பேரை மட்டும் மாற்றினாள்.

ஒரே ஒரு வீட்டின் பேரை மட்டும் அவள் சொல்லவில்லை. முதல் மாடி. அங்கே இருப்பது பெரியவரின் மகள், அதாவது அவளுடைய நாத்தனார். "முட்டி போன மனுஷனை ஆறாவது மாடியில வெச்சிருக்கீங்களே, என் வீட்டுக்கு அனுப்புங்க" என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டவள். "நான் எங்க இருக்கணும்னு நீ சொல்லாதே" என்று அப்பா சுருக்கென்று சொல்ல, எழுந்து போனவள்தான். அப்புறம் ஏறி வரவே இல்லை. அவளும் கிளிப் மாட்டினாள் என்று சொல்ல மட்டும் மருமகளுக்கு வாய் வரவில்லை.

இன்றைக்கு மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தளத்தில் எண்ணிக்கை. இங்கேதான் விட்டோம்.

காலையில் லிஃப்ட்காரர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"பாகம் வந்திடுச்சு. மத்தியானத்துக்குள்ள ஓட வெச்சிடறேன். இனிமே ஒருத்தன் என்னைப் பார்த்து வாயைத் திறக்கட்டும் பார்ப்போம்."

அவர் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியதுமே பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ எண்றப்போ நானே கீழ வந்து பார்த்திடலாம். என் நீலச் சட்டை எங்கம்மா?"

"மொட்டை மாடியில காயுது மாமா."

"மொத்தம் பத்து வீடுன்னுதானே சொன்னே?"

"பத்து மாமா."

"அந்தத் தையல்காரர் என்ன சொன்னார்? இன்னொரு தடவை சொல்லேன்."

"கடைசி வரியைப் படிச்சிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைத் தொட்டுப் பார்த்தாராம்."

"பாரேன்" என்றார் பெரியவர். அதை முதல் தடவை கேட்பது போலவே சந்தோஷப்பட்டார். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வேலைக்கு நேரமாயிற்று என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இறங்குகிறவர்களுக்கு மூச்சு வாங்காது. ஆனாலும் அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். இன்றோடு இதையெல்லாம் கிழித்துவிடுவார்கள். கடைசியாக ஒருமுறை படித்துவிட வேண்டும் போலிருந்தது. பேர் இல்லாவிட்டாலும் எது யாருடையது என்று இதற்குள் அவளுக்குத் தெரியும்.

ஐந்தாவது மாடி வங்கி குமாஸ்தாவின் கதையில் மூச்சு வாங்கி முடிந்து, மறுபடி வாங்கி, அதுவும் முடிந்துவிடும். நீளம் அப்படி. ஆனால் கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து ஒருநாள் லீவு போட்டால் ஊர் எப்படிச் சாப்பிடும், எப்படித் தூங்கும் என்று அந்த மனுஷன் யோசித்திருக்கிற யோசனை இருக்கிறதே, அதற்காக எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

நாலாவது மாடியில் அக்கா தங்கை இரண்டு பள்ளிக்கூடத்துப் பெண்கள். நிலா முடி வெட்டிக்கொள்ள சலூனுக்கு வருகிறது. பாதி வெட்டும்போது கரண்ட் போய்விடுகிறது. அதனால்தான் பாதி நிலா. 'மீதிக்கு அடுத்த வாரம் வாங்க' என்று சலூன்காரர் சொல்லி அனுப்புகிறார். அவ்வளவுதான் கதை. எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் பெரியவர்களுக்கு இது வராது, முக்கிமுக்கிப் பார்த்தாலும் வராது.

மூன்றாவது மாடி நர்ஸம்மாவின் ஆஸ்பத்திரியில் வலியை ஸ்பூனால் எடுத்துக்கொள்ளலாம். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு கட்டிலுக்கு மட்டும் யாருமே வருவதில்லை. அந்த வார்டைப் பெருக்குகிற அம்மா போகிற போக்கில் தினம் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி அடுத்த வார்டுக்குப் போகிறாள். முதல் தடவை இதைப் படித்தபோது நம்மாள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கயிற்றில் கிளிப்புக்கு இடமில்லை.

தையல்காரரின் கதையில் ஒரு சட்டைப்பை. கையை விட்டால் நாளைக்கு அதில் என்ன இருக்குமோ அது இன்றைக்கே வரும். ஒருநாள் கைக்கு ஒன்றும் வரவில்லை. நாளை தான் இருக்க மாட்டோமோ என்று அந்த ஆள் பயந்து சாகிறான். கடைசியில் பார்த்தால் பை கிழிந்திருக்கிறது. தையல்காரரைத் தவிர யாருக்கு இது தோன்றும்?

முதல் மாடித் திருப்பத்தில் இருந்தது வேறு யாரோ எழுதியது. நாத்தனார் எதுவும் எழுதவில்லை. கதவு சாத்தியிருந்தது. அவள் குனிந்த தலை நிமிராமல் அதைக் கடந்து போனாள்.

அவள் வேலை செய்வது செயற்கைப் பல் செய்கிற கூடத்தில். பல்லில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது. மஞ்சள் ஓடிய வெள்ளை, சாம்பல் ஓடிய வெள்ளை, தேநீர் குடித்த வெள்ளை என்று பதினாறு இருக்கும். பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. இன்றைக்கு ஒரு முன்பல்லுக்கு மூன்று தடவை பார்த்தும் கண் நிற்கவில்லை.

மாமா கீழே வருவார். எல்லாக் கயிறுகளையும் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். அவருடையது மட்டும் வெறுங்கயிறாக இருக்கும். அத்தனை பேருக்கு முன்னால். ஒன்றுமே விழவில்லை என்பதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். ஒரு மாதமாக மருமகள் தன்னைச் சின்னப்பிள்ளை போல ஏமாற்றினாள் என்பதை எப்படித் தாங்குவார்? பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மொட்டை மாடியில்தான் லிஃப்டின் மோட்டார் அறை. உள்ளே லிஃப்ட்காரர் முழங்கை வரை கிரீஸோடு குந்தியிருந்தார். வெளியே கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இதை நாளைக்கு ஓட விடக்கூடாதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றே?"

"ஒரு நாள்தானே."

"ஒன்றரை மாசமா ஊரே என் தலையை உருட்டுது. ரிப்பேர் பண்ண வந்தவனைப் பார்த்து, ரிப்பேரை அப்படியே வைன்னு சொல்றியே, நீ என் பொண்டாட்டியா, இல்ல அஞ்சாவது மாடிக்காரன் அனுப்பின ஆளா?"

"காரணம் இருக்கு."

"அப்போ சொல்லு."

மகனிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று மாமா கேட்டுக்கொண்டது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. மாமா சட்டையை எடுத்துட்டுப் போறேன்" என்று கொடிப் பக்கம் திரும்பினாள்.

அந்த வீட்டில் துணி துவைப்பது மெஷின், காயப்போடுவதும் எடுப்பதும் லிஃப்ட்காரர், மடிப்பது அவள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அதனால் கொடிப் பக்கம் அவள் வந்தே மாதக்கணக்காகிறது. நீலச் சட்டையின் தோளிலிருந்து கிளிப்பை எடுத்தாள். தலையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது.

ஊதா, நர்ஸம்மா வீட்டு நிறம்.

அடுத்த தோளில் பச்சை. அது பள்ளிக்கூடத்துப் பெண்கள் வீடு. துண்டில் வங்கி குமாஸ்தாவின் சாக்லேட் நிறம். கணவரின் வேலைச் சட்டையில் ஒரு சிவப்பு, பக்கத்திலேயே ஒரு வெளிர்நீலம். கொடி முழுக்க ஊர் ஓட்டு. அவர்கள் வீட்டுத் துணியை ஊரே சேர்ந்து தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க. இங்க கொஞ்சம் வாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"இந்த கிளிப் எல்லாம் எங்கேர்ந்து வந்தது?"

"எங்கேர்ந்துன்னா? நீதானே அந்தத் திருப்பத்துல கயிறு கட்டி மாட்டி வைக்கறே."

"நானா?"

"பின்னே? நம்ம வீட்டு கிளிப்பையெல்லாம் நீ கதைக்குக் கதை மாட்டித் தீர்த்திட்டே. பை காலி. சரி, எனக்குத்தான் இல்லையேன்னு நீ எங்கேயோ வாங்கி தினம் ஒண்ணு ரெண்டு மாட்டி வைக்கறேன்னு நினைச்சேன். வேலையிலேர்ந்து வந்ததும் வாளியைத் தூக்கிட்டு ஏறுவேன், போற வழியிலயே எடுத்துப்பேன், தலையில பொட்டு இருக்கான்னா பார்ப்பேன்? நல்ல பொண்டாட்டிதான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

அவர் வீட்டுக்கு வருவது ஐந்து மணி. அவள் வருவது ஆறரை. வெறுங்கயிற்றைத்தான் அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

"அந்தக் கயித்துக்கு மேல ஒரு காகிதம் ஒட்டியிருந்ததே, அதைப் படிக்கவே இல்லையா?"

"இந்தப் படியில ஒட்டினதெல்லாம் என் லிஃப்டைக் கிண்டல் பண்ணித்தானே ஆரம்பிச்சாங்க. அதை வேற நின்னு படிக்கணுமா?"

"அது உங்க அப்பா கதைங்க."

ஸ்பானரை அவர் தரையில் வைத்தார். "அப்பாவா? கதையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அந்தத் திருப்பம் வரை படியில் இறங்கிப் போனார். அவள் பின்னாலேயே போனாள். கிரீஸ் கை படாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர் முன்னால் நின்று அவர் படித்தார்.

கதை இதுதான். ஒரு ஊரில், வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் போனால், அந்த வீட்டுக் கதவு சாத்தாது. ஒரு அப்பாவிடம் கோபித்துக்கொண்டு ஒருத்தி அப்படிப் போய்விடுகிறாள். தச்சரை வரவழைத்து இழைத்துப் பார்க்கிறார்கள், கீலை மாற்றிப் பார்க்கிறார்கள். 'கதவுல ஒரு குறையும் இல்ல' என்று தச்சர் போய்விடுகிறார். மழைச்சாரல் உள்ளே வருகிறது, பூனை வருகிறது, தெருவில் போகிறவர்களின் பேச்செல்லாம் வருகிறது. அப்பா நாற்காலியை வாசலில் போட்டுக் காவல் இருக்கிறார். வருஷம் போகிறது. ஒருநாள் மத்தியானம், யாரும் தொடாமலே, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. எங்கேயோ இருந்து அவள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவர் எழுந்து போய், கதவைத் திறந்தே வைக்கிறார்.

லிஃப்ட்காரர் இன்னொரு தடவை மேலிருந்து படித்தார். பிறகு படியில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு நல்லா எழுதுவாரா அவர்?" என்றார். "பஸ் வரும், போகும்னு சொல்லித்தானே நாங்க கேட்டிருக்கோம்."

"உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னார்."

அவர் சிரிக்கவில்லை. மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டார். அப்படியும் கன்னத்தில் கிரீஸ் ஒட்டியது. "வா, எல்லாத்தையும் எடுத்து மாட்டுவோம். ஒண்ணும் தொலைஞ்சிருக்காது, எல்லாம் கொடியிலேயேதான் இருக்கு" என்று எழுந்தார்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மறுபடி மேலே போய், இருவரும் கொடியில் இருந்த பொட்டு வைத்த கிளிப்புகளைப் பொறுக்கினார்கள். ஈரத்துணி எல்லாம் தரையில் விழுந்தது. அதைப் பற்றி அன்றைக்கு யாருக்குக் கவலை. அவள் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்து, எந்த நிறம் யார் வீடு என்று சொல்லிக்கொண்டே கயிற்றில் மாட்டினாள். கடைசியில் கையில் இரண்டு சிவப்பு நின்றது.

"தையல்காரர் ரெண்டு போட்டுட்டாரா? கள்ள ஓட்டு" என்றார் கணவர்.

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். பல் கூடத்தில் காலையில் நிற்காத கண் இப்போது நின்றது.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. இது சிவப்பு. இது செங்கல் நிறம்."

"செங்கல் யார் வீடு?"

"முதல் மாடி."

அவர் அந்தக் கிளிப்பை வாங்கிப் பார்த்தார்.

"அக்கா மொட்டை மாடிக்கு வரவே மாட்டாளே" என்றார் அவர் மெதுவாக. "அவ துணியெல்லாம் பால்கனியிலதானே காயும்."

ஆமாம். துணிக்காக வரவில்லை. கதை படிக்கத்தான் ஆறு மாடியும் அதற்கு மேலேயும் ஏறியிருக்கிறாள். பேர் இல்லாத கதை. கையெழுத்தும் அப்பாவுடையது இல்லை, தம்பி மனைவியினுடையது. ஆனாலும் யார் சொன்னது என்று முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். கிளிப்பை மாட்டிவிட்டு, அப்பா உட்கார்ந்திருக்கிற கதவைத் தாண்டி, மணி அடிக்காமல் இறங்கிப் போயிருக்கிறாள். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

நாலரை மணிக்கு லிஃப்ட் ஓடியது. கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. "லிஃப்ட்காரரே, உங்களை என்னவோ சொன்னோம், மனசுல வெச்சுக்காதீங்க" என்று தையல்காரர் படிக்கட்டு வழியாகக் கத்தினார்.

பெரியவர் நீலச் சட்டை போட்டு, ஊன்றுகோலோடு வாசலில் தயாராக நின்றார். மருமகள் கயிற்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள். அவர் ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் தொட்டார்.

"பத்துன்னு சொன்னே. எட்டுதான் இருக்கு."

அவளுக்கு முகம் சூடேறியது. "மாமா, அது வந்து..."

"இருக்கட்டும். எட்டே எனக்கு ஜாஸ்தி." விரல் ஒரு கிளிப்பில் நின்றது. "ஆனா நீ சொல்லாத ஒண்ணு இதுல இருக்கே. இந்தச் செங்கல் நிறம் யாரும்மா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்.

"அக்காதாம்பா. ஏறி வந்து படிச்சிருக்கா."

பெரியவர் அந்தக் கிளிப்பை மட்டும் கயிற்றிலிருந்து கழற்றினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு ஓட்டு குறையுமே அப்பா."

"குறைஞ்சா குறையட்டும். பலகையை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" மகனைக் கொஞ்சம் தயக்கத்தோடு பார்த்தார். "நீ படிச்சியாடா?"

"ரெண்டு தடவை படிச்சேன். தச்சர் வந்துட்டுப் போறார் இல்ல, அந்த இடம்... கதவுல குறை இல்லைன்னு சொல்றாரே." அவருக்கு அதற்கு மேல் பாராட்டத் தெரியவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு மாதமாக மருமகள் ஊர்ப் பேரில் சொன்னதெல்லாம் கேட்டவர்தான். ஆனால் இதைக் கேட்டதும் நீலச் சட்டையின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

லிஃப்டுக்குள் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். மருமகளும் கூட ஏறப்போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீங்க கயித்தை எடுத்துட்டுப் படியில வாங்க. எண்ண ஆரம்பிக்கச் சொல்லுங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

விரல் கீழ்த்தளத்துப் பொத்தானுக்குப் போகவில்லை. ஒன்று என்று போட்டிருந்ததை அழுத்தினார். பிறகு, பஸ் நிலையத்து மைக்கில் அத்தனை வருஷம் கேட்ட அதே தெளிவான குரலில் சொன்னார்.

"போயிட்டு வரேம்மா."

கதவு மூடிக்கொண்டது. கணவனும் மனைவியும் எண் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. ஒன்றில் நின்றது.

கீழே லிஃப்ட் கதவு திறந்து, மூடிக்கொண்ட சத்தம் கேட்டது. அப்புறம் ஊன்றுகோல். அப்புறம் மணி. ரொம்ப நேரம் கழித்து, இன்னொரு கதவு திறக்கும் சத்தம்.

அந்தக் கதவு திரும்பச் சாத்தும் சத்தத்துக்காக இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அது கேட்கவே இல்லை.